இன்று கற்றது

வேங்கிக்காலில் இருபத்திரண்டு வீடுகள் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நான் வாட்ச்மேன். காலை நாலரை மணிக்கு வந்தால் மதியம் இரண்டு வரை கேட்டில் இருப்பேன். அதற்கு முன்பு கீழ்பென்னாத்தூர் பக்கம் முக்கால் ஏக்கரில் வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் நிற்கும் இடத்தில் ஐந்தாவது ஆளாகப் போய் நிற்க எனக்குக் கூச்சம். முடி வெட்டும்போது காதில் கத்தரி பட்டால்கூட “பரவால்லைங்க” என்று சொல்கிற ஆள். கேட்டைத் திறப்பதும் மூடுவதும்தான் வேலை, யாரிடமும் பேச வேண்டியதில்லை என்றார்கள். அதற்காகவே சேர்ந்தேன்.

குடியிருப்புச் சங்கத்தின் தலைவர் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேற்பார்க்க அலுவலகம் இல்லாமல் போனதால் எங்கள் எல்லோரையும் மேற்பார்க்கத் தொடங்கியிருந்தார். ஒருநாள் காலை நீளமான அட்டை நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் இருபத்திரண்டு வீட்டு எண்களை எழுதி, ஸ்கேலால் நேர்க்கோடு போட்டு நான்கு கட்டம் பிரித்திருந்தார். எழுந்த நேரம், நடந்த தூரம், இன்று கற்றது, கையெழுத்து.

“எந்தப் பழக்கமும் ஒரு மண்டலம் விடாம செஞ்சா ரத்தத்துல ஊறிடும்பா. நாப்பத்தெட்டு நாள். ஊட்டுக்கு ஒருத்தர் காலையில எழுந்து நடக்கணும், புதுசா ஒரு விஷயம் கத்துக்கணும், இங்க எழுதணும். நோட்டு உன் பொறுப்பு. ஒரே ஒரு பொய்க் கையெழுத்து இருந்தாலும் உன் சீட்டு கிழிஞ்சிடும், சொல்லிட்டேன்.”

“சரிங்கய்யா” என்றேன். அடுத்தவர் பழக்கத்துக்கு என் சீட்டு ஏன் கிழிய வேண்டும் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

நடப்பதற்கும் அவர் ஒரு விதி வைத்திருந்தார். கூட்டமாகப் பேசிக்கொண்டு நடந்தால் அது நடை ஆகாதாம். அவரவர் தனியாக, மௌனமாக, விருப்பமான வழியில் போய்விட்டு ஆறரைக்குள் திரும்ப வேண்டும். இந்த விதிதான் எல்லோரையும் காப்பாற்றியது.

முதல் நாள் பதினாறு பேர் புது ஷூவோடு வந்தார்கள். ஒருவரை ஒருவர் படம் எடுத்துக்கொண்டார்கள். எதிரே தெரியும் அண்ணாமலையையும் சேர்த்து எடுத்தார்கள். ஆறாம் நாள் நான்கு பேர் வந்தார்கள். பத்தாம் நாளிலிருந்து தலைவர் மட்டும் வந்தார். சரியாக ஐந்து மணிக்குத் தன் வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தனியாக, மௌனமாக நடந்தார். மற்றவர்களும் வேறு வேறு தெருவில் அப்படியே நடப்பதாக நினைத்துக்கொண்டு நடந்தார். திரும்பி வந்து குளித்து, பூஜை முடித்து, எட்டு மணிக்கு நோட்டைப் பார்க்க வருவார். அதற்குள் நோட்டு நிரம்பியிருக்கும். நிரப்பியவன் நான்.

முதலில் கேட்டவர் மூன்றாவது மாடியில் இருக்கும் வங்கி அதிகாரி. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர். இன்டர்காமில் கூப்பிட்டார்.

“வாட்ச்மேன், இன்னிக்கு ஒரு நாள் எனக்கும் சேர்த்துப் போட்டுடு. நாளைலேர்ந்து கரெக்டா வந்துடறேன்.”

“சார், ஐயா திட்டுவாரு…”

“அட, நடக்கறதுதானே முக்கியம்? கையெழுத்தா முக்கியம்?”

அவர் நடக்கவும் இல்லை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘முடியாது’ என்ற சொல் என்னிடம் அப்போது கிடையாது. ஒருவருக்குப் போட்ட செய்தி லிஃப்டில் ஏறி எல்லா மாடிக்கும் போய்விட்டது. சீக்கிரமே இருபத்தொரு வீட்டுக்காரர்களின் கையெழுத்தும் என் பொறுப்பாயிற்று. வங்கி அதிகாரியின் கையெழுத்து ஆங்கிலத்தில், மண்புழு ஊர்ந்தது போல இருக்கும். பழைய பேப்பரின் ஓரங்களில் பழகினேன். முதலில் கை நடுங்கியது, பிறகு பழகிவிட்டது. பௌர்ணமி அன்று மட்டும் ஆறரை விதியைத் தள்ளிவைத்து எல்லோரும் கிரிவலம் போக வேண்டும் என்று தலைவர் சொல்லியிருந்தார். இருபத்தொரு பேருக்கும் பதினாலு கிலோமீட்டர் என்று எழுதினேன். நாற்காலியை விட்டு எழாமல் ஒரே காலையில் இருபத்தொரு முறை மலையைச் சுற்றியவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

சிக்கல் மூன்றாவது கட்டத்தில் வந்தது. எல்லோருக்கும் ‘அதிகாலையில் எழுவது நல்லது’ என்றே எழுதி வந்தேன். ஒருநாள் தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“இன்னாபா இது? இருபத்தொரு ஊட்டுக்காரங்களும் தினமும் இதையேதான் கத்துக்கறாங்களா? டாக்டரு, பேங்க்காரரு, காலேஜ் வாத்தியாரு, எல்லாம் படிச்சவங்க. வேற வேறயா எழுதச் சொல்லு.”

வங்கி அதிகாரியிடம் சொன்னேன். “அதையும் நீயே பார்த்து எழுதிடு. சும்மாதானே உட்கார்ந்திருக்கே” என்றார்.

தினமும் இருபத்தொரு புது விஷயம். எனக்குத் தெரிந்ததெல்லாம் கடலை. விதைக்கிற ஆழம், களை எடுக்கும் பருவம், ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிப்பது என்று ஒரு நாள் ஓட்டினேன். மறுநாள் எனக்குத் தெரிந்தது தீர்ந்துவிட்டது. ஆகவே, வேறு வழி இல்லாமல், கேட்டில் வருகிறவர்களிடம் பேச ஆரம்பித்தேன்.

அடி அண்ணாமலையிலிருந்து பெருக்கித் துடைக்க வரும் அம்மாவிடம்தான் முதலில் கேட்டேன். “உனக்கு என்னம்மா தெரியும்?”

அவள் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். “இன்னாண்ணா, ஒரு வருசமா மூஞ்சியப் பார்த்து ஒரு வார்த்தை பேசினது கிடையாது. இப்ப வந்து பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி கேக்கறே?”

காரணத்தைச் சொன்னேன். இன்னும் ஜாஸ்தியாகச் சிரித்தாள். பிறகு யோசித்துச் சொன்னாள். “மொட்டை மாடியப் பெருக்கும்போது காத்துக்கு முதுகைக் காட்டி நிக்கணும். எதிர்த்து நின்னு பெருக்கினா குப்பை உன் மேலயே வரும். எழுதிக்க. இது யாரு கத்துக்கிட்டது?”

“ரெண்டாவது மாடி பல் டாக்டரம்மா.”

“அந்தம்மா துடைப்பத்தத் தொட்டே பார்த்தது இல்லண்ணா!”

அதன் பிறகு பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், தண்ணீர் லாரி ஓட்டுபவர், கொத்தமல்லி விற்கிற பெண் என்று ஒருவரையும் விடவில்லை. காலி சிலிண்டரையும் நிறைந்ததையும் தட்டிப் பார்த்தே கண்டுபிடிப்பது, கீரையின் வேரைப் பார்த்துப் பறித்த நேரம் சொல்வது எல்லாம் நோட்டில் ஏறியது. அவரவர் சொன்னதை மேல்மாடிகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தேன். எனக்கு எழுத்து கூடி வந்தது. மறுநாள் என்ன கிடைக்கும் என்று ஓர் ஆசையும் வந்துவிட்டது. நாற்பத்தெட்டு நாளில் அந்தக் குடியிருப்பில் தலைவரைத் தவிர வேறு யாருக்காவது நல்ல பழக்கம் வந்ததென்றால், அது எனக்குத்தான். சீட்டு கிழியும் என்ற பயம் மட்டும் சட்டைப் பையிலேயே இருந்தது.

மண்டலம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டை மாடியில் ஷாமியானா போட்டு நிறைவு விழா. சென்னையிலிருந்து வாழ்க்கைப் பயிற்சியாளர் ஒருவர் வருகிறார் என்றார்கள். இரண்டு நாள் முன்பு தலைவர் என்னிடம் சொன்னார்.

“நீதான்பா சாட்சி. எல்லாரும் தவறாம வந்தாங்கன்னு மைக்ல ரெண்டு வார்த்தை சொல்லிடு.”

மோட்டார் ரூமில் மோட்டார் ஓடும்போது, அந்தச் சத்தத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். “எல்லாரும் தவறாம வந்தாங்க.” மூன்றே சொல். மோட்டார் நின்றதும் எனக்கும் நின்றுவிட்டது.

பயிற்சியாளர் கோட்டு போட்டிருந்தார். மலைக்கு முதுகைக் காட்டி நின்று, நோட்டை உயர்த்திப் பிடித்தார்.

“நான் எத்தனையோ ஊர்ல பயிற்சி குடுத்திருக்கேன். இப்படி ஒரு நோட்டைப் பார்த்ததே இல்ல. முதல் வாரத்துக் கையெழுத்தைப் பாருங்க, எவ்வளவு நடுக்கம்! கடைசி வாரத்தைப் பாருங்க. தன்னம்பிக்கை எப்படி வளர்ந்திருக்கு!”

எல்லோரும் கை தட்டினார்கள். என் காது சூடாயிற்று.

“ரெண்டாவது மாடி டாக்டர் மேடம் என்ன எழுதியிருக்காங்க பாருங்க. ‘காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பெருக்க வேண்டும்.’ அடடா! நம்மை எதிர்க்கறவங்களோட சண்டை போடாதீங்க, அவங்க வேகத்தையே பயன்படுத்திக்குங்கன்னு எவ்வளவு அழகா சொல்லியிருக்காங்க!”

டாக்டரம்மா அடக்கமாகத் தலை குனிந்தார். பின்னால் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த அடி அண்ணாமலை அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“இது எல்லாத்துக்கும் மேல. மூணாவது மாடி சார் எழுதினது. ‘பதம் தவறிக் கடலை பிடுங்கினால் பாதிக் காய் மண்ணிலேயே தங்கிவிடும்.’ சார், மேடைக்கு வாங்க. இந்த எண்ணம் எப்படி வந்துச்சு?”

வங்கி அதிகாரி வந்தார். மைக்கைப் பிடித்தார். நெற்றியைத் துடைத்தார்.

“அதாவது… மரத்துல கடலை நல்லா பழுத்துத் தொங்கும். அப்பவே பறிச்சுடணும். இல்லன்னா கீழ விழுந்து மண்ணோட மண்ணாயிடும். வாய்ப்பும் அப்படித்தான்.”

பலத்த கைதட்டல். கடலை விளைகிற மாவட்டம் இது. அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்காவது நிலம் இருந்திருக்கும். அவர்களும் தட்டினார்கள்.

அப்போதுதான் தலைவர் என்னைக் கூப்பிட்டார். மைக் கைக்கு வந்தது. மூன்று சொல்லும் தயாராகவே இருந்தன. வாயைத் திறந்தேன்.

“எல்லாரும்…” என்றேன். அதற்கு மேல் மனம் ஓடவில்லை. கண்ணுக்குள் அந்தக் கடலை மரம் ஆடிக்கொண்டிருந்தது. “கடலை மரத்துல காய்க்காதுங்க.”

யாரோ சிரித்தார்கள். நான் நிறுத்தியிருக்கலாம்.

“அது செடிங்க. பூ மேல பூக்கும், காய் மண்ணுக்குள்ள. பதம் தாண்டிட்டா காம்பு இத்துப்போயிடும். பிடுங்கினா வெறும் செடி கையோட வரும், காய் உள்ளேயே தங்கிடும். நான் அதைத்தான் எழுதினேன். சார் தப்பா சொல்றாரு.”

உயர்த்திப் பிடித்திருந்த நோட்டைப் பயிற்சியாளர் கீழே இறக்கினார்.

தலைவர் மெதுவாகக் கேட்டார். “நீ எழுதினியா?”

இல்லை என்று பொய் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். “ஆமாங்கய்யா.”

“மீதி?”

“மீதியும் நான்தாங்கய்யா. உங்க வரி மட்டும் நீங்க எழுதினது.”

தலைவர் பயிற்சியாளரின் கையிலிருந்து நோட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். பயிற்சியாளர்தான் முதலில் சமாளித்தார். “பார்த்தீங்களா? இதுதான் துணிச்சல்! ஒரு பெரிய கைதட்டு!” என்றார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் தட்டினார்கள். பிறகு கேசரி சாப்பிட்டார்கள். சான்றிதழ்களையும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

அடி அண்ணாமலை அம்மா என் பக்கம் வந்தாள். “வாயே தொறக்காத ஆளுன்னு நெனச்சேன். தொறந்தா ஊட்டையே கொளுத்திட்டியேண்ணா.”

திங்கட்கிழமை ஐந்து மணிக்குத் தலைவர் வழக்கம்போல நடக்கப் போனார். என்னைப் பார்க்கவில்லை. திரும்பி வந்து, இருபத்திரண்டு வீட்டு எண்களும் எழுதிய ஒரு தாளை மேசையில் வைத்தார்.

“உன் சீட்டு கிழியும்னு சொல்லியிருந்தேன். ஆனா நான் மட்டும் முடிவு பண்ணக் கூடாது. நீ இருக்கணும்னு நெனைக்கறவங்க இதுல கையெழுத்துப் போடட்டும். சனிக்கிழமைக்குள்ள பன்னெண்டு வரணும். வரலன்னா நீ கெளம்பு.”

கடலை நிலத்தைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. திரும்பிப் போக இடமில்லை. அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒன்பது மணிக்கு வங்கி அதிகாரி வண்டியில் வந்தார். ஹெல்மெட்டின் கண்ணாடியைத் தூக்கினார். என் மேல் கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை. வேறு வாட்ச்மேன் வந்தால் எப்படி இருப்பானோ என்ற கவலை அவருக்கும் இருந்திருக்கும்.

“கவலைப்படாதே, நாங்கல்லாம் இருக்கோம்ல? என் வீட்டு நம்பருக்கு நேரா நீயே போட்டுடு. டைம் ஆயிடுச்சு.”

பேனா என் கையில்தான் இருந்தது. அந்த மண்புழுவைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். அவரே சொல்கிறார், என் வேலைக்காகத்தான் சொல்கிறார்.

“முடியாதுங்க சார்” என்றேன்.

இருவருமே திடுக்கிட்டோம். ஐம்பத்து மூன்று வயதில் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“என்னது?”

“நீங்களே போடுங்க சார்.”

வண்டியை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றினார். குனிந்து போட்டார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவருடைய கையெழுத்து என்னுடையதைவிட மோசமாக இருந்தது.

அந்த வாரம் முழுவதும் இதே கதைதான். இன்டர்காமில் கூப்பிட்ட எல்லோரிடமும் முடியாது என்றேன். சிலர் இறங்கி வந்தார்கள். சிலருக்கு லிஃப்டில் இறங்கி வருவதற்கு நான் அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. சனிக்கிழமை காலை தாளில் பதினொரு கையெழுத்து இருந்தது.

தலைவர் நடை, பூஜை எல்லாம் முடித்து நோட்டோடு வந்தார். தாளை நோட்டின் கடைசிப் பக்கத்தோடு வைத்து ஒவ்வொரு கையெழுத்தாக ஒப்பிட்டார்.

“ஒண்ணுகூட ஒத்துப் போகலையே.”

“ஆமாங்கய்யா. இதெல்லாம் அவங்களே போட்டது.”

தாளில் இருந்த பதினொன்றையும் விரலால் எண்ணினார். பிறகு என் பேனாவை வாங்கித் தன் வீட்டு எண்ணுக்கு நேராகப் பன்னிரண்டாவதைப் போட்டார். போகத் திரும்பியவர் நின்றார்.

“அந்தக் கடலை விஷயம் நெஜமாவே அப்படித்தானா?”

“ஆமாங்கய்யா.”

“ஒரு வாரமா அதையே நெனச்சுக்கிட்டு நடந்தேன்பா. மனசுக்குள்ளயே நாம விட்டுட்ட எதையோ அது சொல்லுதுன்னு.”

“இல்லைங்கய்யா. கடலையைப் பத்தினதுதான்.”

தலையாட்டிவிட்டு லிஃப்டை நோக்கி நடந்தார். பார்க்கிங்கிலிருந்து வங்கி அதிகாரியின் வண்டி ஹாரன் அடித்தது. நான் போய்க் கேட்டைத் திறந்தேன்.