காம்பு மட்டும் மிஞ்சிய பூங்கொத்து

ஆர்லீனா இல்லை என்று சொன்னது ஆயுசிலேயே ஒரு தரம்தான். அதற்கே ஓடைக்கரை முழுக்க அவளைக் கரித்துக் கொட்டியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கென்டக்கி மலைச்சரிவில் மார்ச் கடைசியில், மற்றதெல்லாம் தூங்கும்போதே வெள்ளையாகப் பூத்துவிடும் ஒரு செடி உண்டு. வேரைக் கிள்ளினால் ரத்தம் மாதிரியே சாறு வடியும். புத்தகத்தில் ரத்தவேர் என்று போட்டிருக்கிறார்கள். மலைக்காரர்களுக்குச் சிவப்பு வேர். அதைப் பன்றிக்கொழுப்பில் காய்ச்சி ஆர்லீனா தரும் களிம்பைப் பூசினால் மரு உதிரும், ஆறாத புண் பொருக்குத் தட்டி விழும் என்று பேர்.

அவள் புருஷன் டீவர் மூக்கிலிருந்த புண்ணும் அப்படித்தான் பொருக்குத் தட்டி விழுந்தது. தோல் மூடியதும் இருவரும் கர்த்தருக்கு நன்றி சொன்னார்கள். பாவம், உள்ளே புற்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அடுத்த வசந்தத்தில் மனிதர் போய்ச் சேர்ந்தார். அதோடு அவள் களிம்புச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாள்.

அந்தக் கோடையில் ஓடைக்கு எதிர்க்கரைச் சுரங்கக்காரன் ஃபாரிஸ் காலி ஜாடியோடு வந்து நின்றான். காதில் மாதக்கணக்காக ஆறாத புண்.

"ஒரு கரண்டி போதும் அத்தை."

"தர மாட்டேன். டாக்டர்கிட்ட போ."

"எங்க நாய்க்குக்கூடக் குடுத்தீங்களே! நான் நாயைவிடக் கேவலமாப் போயிட்டேனா?"

"நாய்க்குச் சொன்னாப் புரியும்டா. டீவரைக் கொன்னது நோயி. அதை மூடி மறைச்சது என் களிம்பு. போ!"

ஜாடியை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். கோயிலில் அவள் பெஞ்சில் அதற்கப்புறம் யாரும் உட்காரவில்லை. அது போகட்டும், வேறு யாரிடமாவது வாங்கிப் பூசிக்கொள்வானோ என்றுதான் அவளுக்குக் கவலை.

மறு மார்ச்சில் ஓடையைத் தாண்டி வந்தான். ஒரு காது பாதிதான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மண்டைக்குள்ள போயிருக்குமாம், டாக்டர் சொன்னாரு. பாதிக் காதோட தப்பிச்சேன். மீதி இருக்கறதால நீங்க திட்டறதெல்லாம் நல்லாவே கேக்கும், அத்தை."

முதுகுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டினான். இதழ்கள் வழியிலேயே உதிர்ந்துபோய் வெறும் காம்புகள்தான் இருந்தன. சிவப்பு வேர்ச் சாறு பட்டு உள்ளங்கை எல்லாம் சிவப்பு.

ஆர்லீனாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "இந்த மலையிலேயே பொறந்தவன், இந்தப் பூ பறிச்சா நிக்காதுன்னு தெரியாதாடா?"

"தெரியும் அத்தை. வேற ஒண்ணும் இன்னும் பூக்கலையே."

அவன் விட்டுப்போன ஜாடி அலமாரியிலேயே இருந்தது. அதைக் கழுவித் தண்ணீர் ஊற்றிக் காம்புகளை நிறுத்தி வைத்தாள்.

"என் பேச்சைக் கேட்டுப் போனியே, அதுக்கு நான்தான்டா நன்றி சொல்லணும்," என்றாள்.