லீவு எடுத்துத் தேடிய வேலை

செய்தி வந்தபோது நான் பூன் லேயில் கம்பெனி பஸ்ஸுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ஆலையின் பழைய தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஒரே ஒரு வரி: ‘கோமளா போயிட்டாங்க. மூளையில ரத்தக்கசிவு.’ அதன் கீழே கைகூப்பும் படங்கள் வரிசையாக விழத் தொடங்கின. எனக்கு எரிச்சல் வந்தது. கோமளா அக்காவாக இருந்தால் முதலில் மூன்று கேள்வி கேட்டிருப்பார்: எந்த ஆஸ்பத்திரி, உடல் எப்போது வீட்டுக்கு வருகிறது, அம்மாவோடு யார் இருக்கிறார்கள். குழுவில் ஒருவரிடமும் பதில் இல்லை. நான் வரிசையை விட்டு வெளியே வந்து, அவர் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

அவரை அறிந்தவர்கள் இரண்டு வகை. ஜூரோங்கில் வால்வு செய்யும் எங்கள் ஆலையில் கூட வேலை பார்த்தவர்கள் ஒரு வகை. தங்கள் வீட்டில் சாவு விழுந்த அன்று அவரைப் பார்த்தவர்கள் இன்னொரு வகை. ஒரு வகையினர் சொல்வதை மற்றவர்கள் நம்ப மாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் படிப்பு முடித்து ஆலையில் சேர்ந்தபோது அவர் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். உடைந்து திரும்பி வந்த வால்வு ஏன் உடைந்தது என்று ஆராய்ந்து, வாடிக்கையாளர்களைக் கூட்டி விளக்குவது எங்கள் வேலை. ஆராய்வதில் அவர் கெட்டி. விளக்கும்போதுதான் சிக்கல். சிரிக்க மாட்டார். குரலில் ஏற்ற இறக்கம் இருக்காது. தப்பு எங்களுடையது, மாற்றித் தருகிறோம், அடுத்த கேள்வி என்ன என்று முடித்துவிடுவார். ஆண்டுதோறும் மேலதிகாரியின் மதிப்பீட்டில் அதே குறைதான்: முகத்தில் கனிவில்லை, குரல் தட்டையாக இருக்கிறது. ஒரு நாள் கேண்டீனில் அதை எனக்குப் படித்துக் காட்டினார்.

‘இத்தனை வருஷமா குரல மாத்தப் பாக்குறேன் தம்பி. குரல் மாறல. வயித்து வலிதான் வந்துச்சு.’

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காலையில் பஸ் ஆலை வாசலில் திரும்பும்போதெல்லாம் அவர் வயிற்றை ஒரு கையால் அழுத்திக்கொள்வது அதன் பிறகுதான் என் கண்ணில் பட்டது.

‘வேலைய விட்டுருங்கக்கா’ என்றேன்.

‘விட்டுட்டு?’

சோதித்துப் பார்க்காத எதையும் அவர் நம்புகிறவரல்லர். வருடாந்திர விடுப்பில் நாங்களெல்லாம் பாத்தாம் தீவுக்கோ ஊருக்கோ போனோம். அவர் அந்த விடுப்பில் தெரிந்தவர்களிடம் போய்ச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார். முதலில் தீபாவளி நெருக்கத்தில் தேக்காவில் ஒரு பூக்கடை. ‘மாலை கட்ட வருது. வாங்க வாங்கன்னு கூப்பிட வரல.’ அடுத்த முறை காத்தோங்கில் தோழி ஒருவர் நடத்திய பாலர் பள்ளி. ‘பிள்ளைங்க என் மூஞ்சியப் பாத்து அழுவுதுங்க லா. நியாயம்தான்.’ உடைந்த வால்வைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசினார். எது தாங்கியது, எங்கே விட்டுப்போனது, அவ்வளவுதான்.

மூன்றாவது விடுப்பு முடிந்து வந்தவர் கேண்டீனில் இரண்டு பரோட்டா கூடுதலாக வாங்கிச் சாப்பிட்டார்.

‘என்னக்கா, வயிறு சரியாயிருச்சா? இந்தத் தடவ எங்க?’

‘சாவு வீட்டு வேலை.’

இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்து தரும் சிறிய நிறுவனம். பெண்களின் உடலைக் குளிப்பாட்டி உடுத்திவிட ஆள் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

‘இன்ஜினியரிங் படிச்சது இதுக்கா?’ என்று கேட்டேன். இன்றைக்கும் அது கேட்கக்கூடாத கேள்வி என்று நான் நினைக்கவில்லை. அவரும் அப்படி நினைக்கவில்லை.

‘படிச்சுட்டோமேன்னு பாக்குற வேலைக்கு வயிறு வலிக்குது. இதுக்கு வலிக்கல. வேற டெஸ்ட் ஏதாவது இருந்தா சொல்லு, அதையும் பண்ணிடலாம்.’

அந்த ஆண்டே ஆலையை விட்டுப் போனார்.

அவர் வேலை செய்வதை நான் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்தேன். ஆங் மோ கியோவில் என் சித்தப்பா இறந்த அன்று. மண்டாய் சுடுகாட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது, யார் கொள்ளி வைப்பது என்று பெரியவர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தி, புருஷனை இழந்து ஒரு பொழுதுகூட ஆகாத சித்தி, வந்தவர்களுக்கு மைலோ கொடுக்கக் கப் போதவில்லை என்று ட்ரேயோடு அலைந்துகொண்டிருந்தார். கோமளா அக்கா உள்ளே வந்தார். யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. சித்தி கையிலிருந்த ட்ரேயை வாங்கி என்னிடம் நீட்டினார்.

‘உக்காருங்கம்மா. அடுத்து என்ன செய்யணும்னு நான் சொல்றேன். நீங்க அழுங்க.’

அதே தட்டையான குரல். சித்தி உட்கார்ந்தார். அதுவரை வராத அழுகை வந்தது. அக்கா பெரியவர்கள் பக்கம் திரும்பினார். ‘மாமா, நீங்க தண்ணி கொண்டாங்க. நீங்க பூ. நீங்க மட்டும் கொஞ்ச நேரம் பேசாம இருக்கணும்.’ மூன்று பேரும் கேட்டார்கள்! எங்கள் குடும்பத்தில் அதற்கு முன்பும் பின்பும் நடக்காதது அது. கனிவாக யாராவது பேசியிருந்தால் அன்று அந்த வீடு நொறுங்கியிருக்கும். எனக்கு எங்கள் தொழில் பாஷையில்தான் சொல்ல வருகிறது: பாகத்தில் பழுதில்லை, பொருத்தியிருந்த இடம்தான் தப்பு.

அதற்காக எல்லாம் சுபம் என்று எழுத மாட்டேன். அவர் மணமாகாதவர், வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும். வேலையிடத்திலேயே குளித்துவிட்டுத்தான் புறப்படுவார். வாசலில் நிறுத்தி, மறுபடியும் குளிக்கச் சொல்வார் அம்மா. அதை அவர் பொருட்படுத்தவில்லை. உறவினர்கள் கேட்டால் ‘ஜூரோங்ல ஃபேக்டரி’ என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார் பாருங்கள், அதுதான் வலித்தது. ‘நான் ஃபேக்டரிய விட்டுட்டேன், எங்கம்மா விட மாட்டேங்கிறாங்க’ என்று கேலி செய்வார். ஒரே ஒரு தடவை கேலியில்லாமல் சொன்னார்: ‘என் பொண்ணு இன்ன வேலை பாக்குறான்னு யார்கிட்டயாவது ஒரு தடவ சொல்லிட்டாங்கன்னா போதும், தம்பி.’

எனக்கும் ஒரு கட்டத்தில் ஆலை கசந்தது. ராஜினாமா செய்யப்போகிறேன் என்று அக்காவிடம் போனில் குதித்தேன். ‘குதிக்காத. லீவு எடு’ என்றார். எடுத்தேன். ஒரு டியூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். நான்காம் நாள் ஒரு பையனைப் பார்த்துக் கத்தினேன், ஐந்தாம் நாள் போகவில்லை. அப்புறம்தான் புரிந்தது, நான் வெறுத்தது இயந்திரங்களை அல்ல, அவற்றைப் பற்றிய கூட்டங்களை. பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். கையெல்லாம் கிரீஸ். நன்றாகத் தூங்குகிறேன்.

ஜூரோங் வெஸ்ட்டில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கோமளா அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். அவரோடு வேலை பார்த்த பெண்களே குளிப்பாட்டிச் சேலை கட்டியிருந்தார்கள். கூட்டம் வந்துகொண்டே இருந்தது. அம்மா ஒவ்வொருவரையும், ‘நீங்க ஃபேக்டரியா?’ என்று கேட்டார்.

‘இல்லம்மா. எங்க அம்மாவக் குளிப்பாட்டி விட்டது இவங்கதான்.’

‘இல்ல ஆன்ட்டி, என் தங்கச்சிக்கு.’

ஃபேக்டரிக்காரர்கள் நாங்கள் ஆறேழு பேர். மற்ற நாற்காலிகளில் எல்லாம் அவர்கள்தான். அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். எழுந்து, வந்தவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று ட்ரேயைத் தேடி எடுத்தார். என் சித்தி போய் அதை வாங்கிக்கொண்டார்.

‘உக்காருங்கக்கா. அடுத்து செய்யுறத நாங்க பாத்துக்குறோம். நீங்க அழுங்க.’

‘இப்படியெல்லாம் யாரும்மா சொல்லிக் குடுத்தா?’

‘உங்க பொண்ணு.’

அம்மா உட்கார்ந்தார். வெகுநேரம் அழுதார். அப்புறம் தூரத்து உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, ‘பாவம்லா. ஃபேக்டரில இன்ஜினியரா இருந்த பொண்ணு’ என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். ‘ஃபேக்டரி இல்ல. அவ சாவு வீட்டு வேலை பாத்தா. போன வீட்டுலயெல்லாம் தாங்கிப் பிடிச்சிருக்கா.’

தாமதம்தான். அதை வேறு மாதிரிச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

குதிப்பதற்கு முன் லீவு எடுக்கும் பழக்கத்தை அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டேன். கூடவே அம்மாவின் அந்தப் பதிலும் என்னிடம் இருக்கிறது. அக்கா காதில் விழ வேண்டியது, அவருக்குப் பதிலாக என் காதில் விழுந்தது. அதை நான் தொலைக்க மாட்டேன்.