நாலு விரல் மிச்சம்

என் மனைவியின் தங்கைக்கு நான் வைத்த பெயர் டேப்பு. எந்நேரமும் கழுத்தில் அளவு நாடா தொங்கும். எங்கள் கல்யாணத்துக்கே அதோடுதான் வந்து நின்றாள். தையல்காரி. இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேஜை, ஓர் ஆளுயரக் கண்ணாடி, அவ்வளவுதான் அவள் கடை. யார் உள்ளே வந்தாலும் முகத்தை அப்புறம்தான் பார்ப்பாள். "இடது தோள் இறங்கியிருக்கே, பை மாட்டுற தோளா?" என்பாள். வந்தவர் அசந்துபோவார். நான் அசரமாட்டேன். நான் லிஃப்ட் மெக்கானிக், மில்லிமீட்டரில் பிழைப்பு நடத்துகிறவன். இஞ்செல்லாம் ஒரு கணக்கா என்று அவளைச் சீண்டுவதே எனக்குப் பொழுதுபோக்கு.

அவளுக்கு ஒப்புக்குச் சொல்ல வராது. "நான் இளைச்சிருக்கேன்ல?" என்று ஆசையாகக் கேட்ட மணப்பெண்ணிடம், "இல்லையே, போன தடவையைவிட ஒண்ணரை இஞ்ச் கூட" என்றாள். அந்தப் பெண் வேறு கடைக்குப் போய்விட்டாள்.

என் மகளுக்குப் பதினொரு வயது. ஜிம்னாஸ்டிக்ஸில் அவளுக்குக் கம்பிதான் உயிர். உயரத்தில் ஒரு கம்பி, அதற்கு எதிரே தாழ்வாக இன்னொன்று. மேல் கம்பியைப் பிடித்து, உடம்பை நீட்டி, முழு வட்டம் சுற்றிக் கம்பியின்மேல் தலைகீழாக வந்து நிற்க வேண்டும். விடுமுறை முழுக்க அநாயாசமாகச் சுற்றினாள். பள்ளி திறந்த பிறகு என்ன ஆயிற்றோ, கீழே வரும்போது முழங்காலை மடக்கிவிடுகிறாள். வேகம் செத்துப்போய்ப் பாதியில் தொங்குகிறாள். பயம் வந்துவிட்டது என்றார் பயிற்சி கொடுக்கும் மாஸ்டர். சனிக்கிழமை அணித் தேர்வு. அதற்குள் சுற்று வராவிட்டால் கம்பியிலிருந்து எடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. நான் வேறு என் பங்குக்கு, "காலை நீட்டினா முடிஞ்சுது, இதுக்குப் போய் அழுவாங்களா?" என்று உபதேசம் செய்தேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

புதன்கிழமை தேர்வுக்கான உடைக்கு அளவு கொடுக்கப் போனோம். டேப்பு நாடாவைப் பிடித்தாள், பழைய நோட்டைப் புரட்டினாள், மறுபடி பிடித்தாள். ஐந்து மாதத்தில் கை ஓர் அங்குலம், உடம்பு அரை, கால் ஓர் அங்குலம் கூடியிருந்தது. பாதத்தின் மேல்புறம் ஆறிக்கொண்டிருந்த ஒரு கன்றலில் அவள் விரல் நின்றது.

"இது என்னடி?"

"கீழ்க் கம்பியில இடிச்சுது சித்தி. மூணு தடவை. அப்புறம் நான் காலை மடக்கிடுறேன்."

டேப்பு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, அந்த ரெண்டு கம்பிக்கும் நடுவுல எவ்ளோ?"

நான் பேந்தப் பேந்த விழித்தேன்.

மறுநாள் டேப்பு கடையைப் பூட்டிவிட்டுப் பயிற்சிக் கூடத்துக்கே வந்துவிட்டாள். மாஸ்டர் கம்பித் தாங்கியில் அடித்திருந்த சிவப்புப் பெயின்ட்டைக் காட்டினார். "இந்தக் குறியிலதான்மா நிறுத்துவோம். இவ சேர்ந்த நாள்லேர்ந்து இதே அளவுதான்."

"சார், இவ அதே அளவுல இல்லையே."

நாடா அறுபது அங்குலத்தில் தீர்ந்துபோனது. சாக்பீஸால் கோடு போட்டு மீதியை அளந்தாள். மேல் கம்பியிலிருந்து கீழ்க் கம்பிக்கு அறுபத்தைந்து. பிறகு பிள்ளையைத் தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து கால் நுனிவரை அளந்தாள். அறுபத்தாறு.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "இடிக்காம என்ன பண்ணும்? நான் பாவி, பயம் பயம்னு திட்டிட்டேனே!" அவரே திருகைத் தளர்த்திக் கீழ்க் கம்பியை நான்கு அங்குலம் தள்ளிவைத்து, மெத்தையில் கம்பிக்குப் பக்கவாட்டில் வந்து நின்றார்.

ஆனாலும் பிள்ளை தொங்கினாளே தவிர, வீசவில்லை. பட்ட கால் மறக்குமா? "தைரியமா போம்மா" என்றார் மாஸ்டர். "ஒண்ணும் ஆகாதுடா" என்றேன் நான். அவள் எங்கள் இருவரையும் சட்டையே செய்யவில்லை.

"சித்தி, இடிக்குமா?"

வேறு யாராக இருந்தாலும் "இடிக்காதுடா கண்ணு" என்று உடனே சொல்லியிருப்பார்கள். டேப்போ நாடாவை எடுத்து, கம்பி முதல் கம்பிவரை மறுபடி முதலிலிருந்து அளந்தாள். அறுபத்தொன்பது. அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"இடிக்காது. நாலு விரல் மிச்சம்."

பிள்ளை ஒரு மூச்சு இழுத்தாள். வீசினாள். முழங்கால் மடங்கவில்லை. நீட்டிய பாதம் கீழ்க் கம்பியைத் தாண்டிப் போனபோது அந்த நாலு விரல் வெளிச்சத்தை என் கண்ணால் பார்த்தேன். அப்படியே மேலே போய், கூரைக்குக் காலை நீட்டி, கம்பியின்மேல் ஒரு கணம் நின்றாள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் பெற்ற பிள்ளையா இது? மறுபடி சுற்று, மறுபடி. பிடி வழுக்காமலிருக்க அவள் கையில் பூசியிருந்த வெள்ளை மாவு எங்கள் தலையில் கொட்டியது. கூடமே வாய் பிளந்து நின்றது. அவள் உடம்பில் ஒவ்வோர் அங்குலமும் தெரிந்த டேப்புகூட, நாடாவின் முனையைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை கம்பிக்கு முதல் பேரே இவதான்" என்றார் மாஸ்டர்.

பிள்ளை குதித்து இறங்கி, ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். லிஃப்ட் கதவு இரண்டு மில்லிமீட்டர் விலகினால் எனக்குத் தூக்கம் வராது. அவள் தலை நங்கென்று என் தாடையில் இடித்தது. போன முறை அவள் இப்படிக் கட்டிக்கொண்டபோது, அது எந்த வருஷம் என்றுகூட நினைவில்லை, தலை நெஞ்சுவரைக்கும்தான் வந்தது.