ரொட்டியைத் தொட்டுச் சொன்ன ஊல்கான்

எந்த வீட்டுக்குப் போனாலும், கிளம்பும்போது ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போடாமல் ஊல்கான் அக்கா வாசலைத் தாண்டமாட்டாள். எங்கள் நாரின் மலைப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ஆனால் அக்கா இரண்டு கையாலும் வாங்கி, உள்ளங்கையில் ஒட்டிய துகளையும் தின்றுவிட்டுத்தான் பூட்ஸ் மாட்டுவாள்.

அவள் ஊர் தபால்காரி. எந்த நாயும் அவளைப் பார்த்துக் குரைக்காது. தேர்தலுக்கு நின்ற தெமிர்குலின் கட்சி இங்கே வந்தபோது அதற்கென்று ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அக்கா வீட்டு முன்னறைதான் ஆபீஸ். நான் அவள் கொழுந்தன் பெண்டாட்டி. எனக்குப் பேச வராது. அவள் ஓட்டுக் கேட்கப் போகும்போது நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன்.

மேலத்தெருவில் அனிபா கிழவி சிரித்தாள்.

"போன தடவை வந்தவன் ஒரு மூட்டை மாவாச்சும் குடுத்தான். நீ என்னடி குடுப்பே, இந்தக் காகிதத்தையா? அடுப்பெரிக்கத்தான் ஆகும்."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. சாப்பாட்டு விரிப்பில் இருந்த ரொட்டியை எடுத்தாள்.

"தெமிர்குல் ஜெயிச்சா இந்தத் தெருவுக்குக் குழாய் வரும் பெரியம்மா. வரலேன்னா இந்த ரொட்டி என்னைக் கேக்கட்டும்."

கிழவியின் சிரிப்பு நின்றுவிட்டது. ரொட்டியைத் தொட்டு யாரும் இங்கே பொய் சொல்வதில்லை. அதற்குப் பிறகு வீடு வீடாக அதையே செய்தாள். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"எல்லா வீட்டுலயுமா அக்கா?"

"நம்பாதவதான் யோசிப்பா. வா."

தெமிர்குலுக்கும் இது தெரியும். "சொல்லுங்க அக்கா, நல்லாச் சொல்லுங்க. நீங்க சொன்னா நான் சொன்ன மாதிரி" என்று என் முன்னால்தான் சொன்னார்.

மேலத்தெரு முழுவதும் அவருக்கே ஓட்டுப் போட்டது.

வெற்றி விருந்தில் தகுதி பார்த்து ஆட்டெலும்பு வைத்தார்கள். தேர்தல் முடிந்த மறுநாள் கட்சிக்கு வந்த காண்டிராக்டருக்குப் பெரிய மரியாதையான இடுப்பெலும்பு. அக்காவுக்குக் கறியில்லாத ஒரு விலா. அவள் அதைப் பார்க்கவேயில்லை. நேரே போய்க் குழாயைப் பற்றிக் கேட்டாள்.

"குழாயா? கட்சி எங்கக்கா அப்படிச் சொல்லிச்சு? அது உங்க ஆசை" என்றார் தெமிர்குல்.

"ரொட்டியைத் தொட்டுச் சொல்லியிருக்கேன் தம்பி."

"நானா தொட்டேன்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். காண்டிராக்டர் எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

அந்த வாரம் அனிபா கிழவிக்குத் தபால் கொடுக்கப் போனோம். கிளம்பும்போது கிழவி வழக்கம்போல ரொட்டியை நீட்டினாள். குத்திக்காட்டவில்லை. அக்காவின் கை மேலே வரவில்லை. பூட்ஸைச் சரியாக மாட்டாமலே வெளியே போய்விட்டாள்.

தெமிர்குல் இரண்டாம் முறையும் ஜெயித்தார். அந்தத் தடவை வீடு வீடாகப் போனது வேறொருத்தி.

அக்கா இப்போது தபாலை வேலிக்கு வெளியே நின்றே கொடுத்துவிடுகிறாள். யார் வீட்டுக்குள்ளும் போவதில்லை, என் வீட்டுக்குக்கூட வருவதில்லை. மேலத்தெருவில் நாங்கள் இன்னும் வாய்க்காலில் உறைந்த பனிக்கட்டியைக் கோடாலியால் உடைத்துத்தான் தண்ணீர் மொள்கிறோம்.