இரண்டு விசில்

பேருந்து ஓட்டுநராக ஊரையே சுற்றி வந்த மனிதர் குளியலறை வாசலைத் தாண்ட முடியாமல் நின்றார். பார்கின்சன் முதலில் விரலை நடுங்க வைத்தது, பிறகு குரலைத் தேய்த்தது. இப்போது வாசலைக் கண்டாலே கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது.

அவரை இழுத்துப் பிடித்தே மனைவிக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. போன வாரம் இருவருமாகச் சேர்ந்து விழுந்தார்கள். அதோடு மகள் முடிவுகட்டிவிட்டாள்.

"மாத்திரை செலவே கழுத்தைப் பிடிக்குது. ராத்திரி பகலா ஆள் போட்டா நமக்குக் கட்டுப்படியாகாதும்மா. அப்பாவை முதியோர் இல்லத்துல விட்டுட்டு, இந்த வீட்டை வாடகைக்குக் குடுத்து அந்தப் பணத்தைக் கட்டலாம். நீ என்கூட வந்துடு."

மனைவி சரி என்று சொல்லிவிட்டாள். கல்யாணமானதிலிருந்து மல்லுக்கட்டிய மனிதரை எங்கோ விட்டுவிட்டு, இனி யாரோடு மல்லுக்கட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை கார் வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் பழைய கண்டக்டர் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தார். இருவரும் காலமெல்லாம் ஒரே வண்டியில் வேலை பார்த்தவர்கள். அவர் உள்ளே நுழைந்தபோது ஓட்டுநர் வாசலில் சிலையாக நிற்க, மனைவி பின்னால் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, வண்டியை நடுரோட்டுல நிறுத்திட்டீங்க?" என்றவர், கை சும்மா இல்லாமல், சாவிக்கொத்தில் தொங்கிய பழைய விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார்.

"விளையாடற நேரமா இது?" என்று அவள் சீறி முடிப்பதற்குள் கால் எழுந்தது. ஓட்டுநர் வாசலைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

மருத்துவமனைக்குப் போன் போட்டாள். "சில பேருக்குச் சத்தம் கேட்டா கால் நகரும்மா. நோய் போயிடாது. ஆனா உதவுற வரைக்கும் நல்லதுதானே?" என்றார் நர்ஸ். கண்டக்டர் விசிலைக் கழற்றி அவள் கையில் வைத்தார். அவள் ஆசையாக ஒரு முறை ஊதினாள். குளியலறையிலிருந்து திரும்பி நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்றுவிட்டார்.

"ஒரு விசில்னா... நில்லுன்னு அர்த்தம்," என்றார் ஓட்டுநர், மெல்லிய குரலில், பழைய கோபம் குறையாமல். பல மாதங்களுக்குப் பிறகு அவரிடம் திட்டு வாங்கினாள். நெஞ்சு குளிர்ந்தது.

மறுநாள் மகள் வந்தாள். கட்டிலிலிருந்து குளியலறைக்கும் அங்கிருந்து சாப்பாட்டு மேசைக்கும் அப்பா விசிலுக்கு நடப்பதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"காலைல குளிப்பாட்டிவிட மட்டும் ஒரு ஆள் வச்சுப்போம்மா. அது நம்மால முடியும். பின்னாடி வர்றதைப் பின்னாடி பாத்துக்கலாம்," என்றவள், பொல்லாத பாரத்தை இறக்கி வைத்தவளாக உட்கார்ந்து அழுதாள். பிறகுதான் நினைவு வந்தது. "ஐயோ, கார் கீழ நிக்குதே. டிரைவர்கிட்ட என்ன சொல்றது?"

ஓட்டுநர் தலையைத் தூக்கினார். "ஏற ஆள் இல்லன்னு சொல்லு."

மனைவி ஜன்னலில் எட்டிப் பார்த்து, தெருவே திரும்பிப் பார்க்க, இரண்டு விசில் ஊதினாள்.