அந்தோனியாரின் வெறுங்கை

சுரூபம் திருத்தும் பட்டறையில் தலை இல்லாதவர்கள் பொறுமையாக நிற்பார்கள். தலை உள்ளவர்கள்தான் அவசரப்படுத்துவார்கள். முந்தல் என்ற ஊரில், பெருந்தெருவோரம், உடைந்த புனிதர் சிலைகளைத் திருத்தும் இந்தத் தொழிலைச் செய்கிறேன். ஆசையாக வைத்திருந்த ஒன்றைக் கைதவறி உடைத்துவிட்டு அழுதவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

துணி போட்ட முகம்

கண் எழுதுவது எங்களுக்குக் கடைசி வேலை. அதுவரை முகத்தை வெள்ளைத் துணியால் மூடிவைப்பேன். பக்கத்தில் மரக்காலை என்கிற மரக்கடை வைத்திருக்கும் பாரூக் நானா, தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்தவர், வாசலோடு நின்று கதைப்பார். ஒரு மத்தியானம் காற்று அசையவே இல்லை. கண் எழுதாத மாதா சுரூபத்தின் துணி தானாக வழுகி விழுந்தது. நானா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"தம்பி, அந்தத் துணியப் போடுங்க. கண்ணில்லாம அவங்க என்னயே பாக்குறாங்க."

சேலையில் சுற்றி வந்தவர்

யுத்தம் முடிந்து இரண்டாம் வருஷம் பிலோமினாக்கா வந்தார். வன்னிக்காரி; கல்பிட்டியில் தங்கை வீட்டில் இருந்தார். பழைய சேலையில் சுற்றிக் கொண்டுவந்ததை அவிழ்த்தால் அந்தோனியார் சுரூபம். கையில் இருக்க வேண்டிய குழந்தை யேசு இல்லை. ஷெல்லுக்கு ஓடும்போது உடைந்து விழுந்ததாம். அதே ஓட்டத்தில்தான் அக்காவின் ஐந்து வயது மகனும் சனத்துக்குள் கை நழுவிப் போனான். பிறகு கிடைக்கவில்லை. குழந்தையைப் புதிதாகச் செய்து வைத்தால் ஒருவேளை தன் வாயில் திரும்பவும் செபம் வரும் என்றார். நான் ஆறுதலாக ஏதோ சொல்லப் போனேன். அக்கா விடவில்லை.

"காணாமப் போனதை அந்தோனியார் தேடித் தருவார் எண்டுதானே சொல்லுறினம்? அவரே தன்ர கையில இருந்த பிள்ளையத் துலைச்சிட்டு நிக்கிறார். நான் ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

மூன்றாவது முகம்

என்னிடம் இருந்த அச்சு பெரிது. முகத்தைக் கையால்தான் பிடிக்க வேண்டியிருந்தது. இரண்டு தரம் பிழையாக வந்து உடைத்தேன். மூன்றாம் தரம் விரல்கள் என்னைக் கேட்காமல் ஓடின. அந்தோனியாரின் கையில் பொருத்திக் கண்ணும் எழுதி முடித்தேன். பார்க்கப் பயமாக இருந்தது; திரும்பவும் துணியைப் போட்டேன்.

எங்கள் ஒரே மகன் நாலு வயதில் களப்புத் தண்ணீரில் மூழ்கிப் போனவன். அதன்பிறகு என் மனைவி றோசலின் செபமாலையைத் தொட்டதில்லை, பட்டறைக்குள் கால் வைத்ததும் இல்லை. தேத்தண்ணியை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அன்று கோப்பையோடு நேரே உள்ளே வந்தாள். துணியை எடுத்தாள். அந்தக் குழந்தையின் இடது காது நுனி மடிந்திருந்தது. எங்கள் மகனுக்கும் அப்படித்தான். சத்தியமாக, அதுவரை நான் கவனிக்கவில்லை.

"நம்மட பிள்ளய ஏன் எனக்குச் சொல்லாமச் செஞ்சீங்க?"

இரண்டு தாய்மார்

அடுத்தவருடைய சுரூபத்தில் என் பிள்ளையின் முகத்தை வைத்துக் கொடுக்கலாமா? உடைக்கத்தான் நினைத்தேன். றோசலின் குழந்தையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் ஒரு முடிவுக்கு வருமுன் பிலோமினாக்கா வந்துவிட்டார். நான் வாய் திறக்குமுன் குழந்தையின் இடது காதைத் தொட்டார். அங்கேயே முழந்தாளில் விழுந்தார்.

"பிறக்கேக்கையே என்ர மகனுக்கு இந்தக் காது இப்பிடித்தான். அவன் துலையேல்ல. இந்த அந்தோனியாற்ற கையில இருக்கிறான்."

அக்கா அருள்நிறை மரியே செபத்தைச் சொல்லத் தொடங்கினார். நடுவில் அழுகை அடைத்தது. மிச்சத்தைச் சொன்னது றோசலின். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலில் செபம் கேட்டு நானும் அழுதுவிட்டேன். போகும்போது றோசலின் அக்காவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இடைக்கிடை வந்து பாக்கலாமா, அக்கா?"

"வா பிள்ளை. அவன் ரெண்டு பேரையுந்தான் பாத்துக்கொண்டு இருப்பான்."

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு றோசலின் பாலாவியில் பஸ் மாறிக் கல்பிட்டிக்குப் போகிறாள். அந்தச் சுரூபத்தைத் திருத்தியது நான்தான் என்று ஊர் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது.