முதலாளி காருக்கு ஒன்று, ஜெனரேட்டருக்கு நாலு

1. எல்லாமே சிவப்பு

கல்யாண மண்டபத்தில் மேனேஜராக இருபத்தோரு வருஷம் வேலை பார்த்தேன். மண்டபம் திருவிடந்தைக்குப் பக்கத்தில், ஈ.சி.ஆர். சாலை மேலேயே. கல்யாணம் கைகூட வேண்டும் என்று அந்த ஊர்ப் பெருமாள் கோயிலுக்கு மாலையோடு வருகிறவர்கள், கைகூடியதும் எங்களிடம் தேதி கேட்டு வருவார்கள். தொழிலுக்குக் குறைவில்லை. குறை என் ஞாபகசக்தியில்தான்.

ரொம்ப நாள் டைரிதான் வைத்திருந்தேன். ஒரு தடவை அதில் சாம்பார் கொட்டி, ஒரு மாப்பிள்ளை அழைப்பின் நேரம் அழிந்துபோய், பேண்டு செட்டுக்காரர்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார்கள். அன்றைக்கே முதலாளி சொல்லிவிட்டார்: "இன்னும் இன்னாத்துக்கு நோட்டு? ஃபோன்ல ஏத்திக்கோ கலா."

அப்படி வந்ததுதான் அந்த டு-டூ ஆப். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தேதி, ஒரு நம்பர். ஒன்று போட்டால் சிவப்புக் கொடி, இரண்டு ஆரஞ்சு, மூன்று நீலம். நாலுக்கு நிறமே கிடையாது. பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலாளி ஃபோனிலும் அதே பட்டியல் தெரியும். கேட்க சுலபமாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இரண்டாம் நாளே முதலாளி வந்து நின்றார். அவர் ரூமுக்குத் திரைச்சீலை மாற்றும் வேலைக்கு நான் இரண்டு போட்டிருந்தேன்.

"இன்னா கலா, நான் சொன்ன வேலை ரெண்டாம் நம்பரா?"

ஒன்றாக்கினேன். பெண் வீட்டார் சொன்னதற்கு ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் சொன்னதற்குக் கேட்கவே வேண்டாம். சமையல் மாஸ்டர் சொன்ன பெரிய கரண்டிக்கும் ஒன்று. இல்லையென்றால் கோபத்தை ரசத்தில் காட்டுவார். ஒரு வாரத்தில் பட்டியல் மிளகாய் காயப்போட்ட மொட்டைமாடி மாதிரி ஆகிவிட்டது. வேலையைப் பார்த்துப் போட வேண்டிய நம்பரை நான் ஆளைப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

2. நிறமில்லாத வேலை

எலக்ட்ரீஷியன் ஏகாம்பரம் எனக்கு முன்பிருந்தே அந்த மண்டபத்தில் இருந்தவர். எதையும் அலட்டிக்கொள்ளாமல் சொல்லும் மனிதர். சொல்லும் விதத்தைப் பார்த்தால் ஃபியூஸ் போனதா, கூரையே போனதா என்று தெரியாது. ஒரு நாள் ஆபீஸ் ரூம் கதவோரம் வந்து நின்றார்.

"மேடம், ஜென்செட்டு பேட்டரி டவுனாயிகினே வருது. உப்புக்காத்துல டெர்மினல் எல்லாம் பூத்துப்போய் கீது. புச்சு மாத்தணும், எய்திக்கங்க."

"என்ன நம்பர் போடட்டும் அண்ணா?"

"நம்ம வேலைதானே. கடைசி நம்பர் போடுங்க. பெரியவங்க வேலை முன்னாடி போவட்டும்."

ஜெனரேட்டர் பேட்டரிக்கு நாலு போட்டேன். தேதி வேண்டுமே. அந்த மாதம் ஒரு பெரிய கல்யாணம். எல்லா வேலையும் கல்யாணத்துக்குள் முடிய வேண்டும் என்பதால் எல்லாவற்றுக்கும் முகூர்த்தத் தேதியையே போட்டு வைத்திருந்தேன். பேட்டரிக்கும் அதையே போட்டேன். ஒரு வேலை முடிந்திருக்க வேண்டிய நாள் வேறு, அதில் கை வைக்க வேண்டிய நாள் வேறு என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

ஒரே ஒரு வேலைக்குத்தான் முந்தின நாள் தேதி. "முதலாளி கார் வாட்டர் வாஷ், பாலிஷ்." நம்பர் ஒன்று. தேதியை அவரே கேட்டு வாங்கினார்.

3. நுரையோடு வந்தவர்

முகூர்த்தம் காலை ஏழரைக்கு. ஐந்து நாற்பதுக்குக் கரண்ட் போனது. எங்கேயோ லைனில் மரக்கிளை விழுந்துவிட்டதாம், ஒன்பது மணியாகும் என்றார்கள். ஜெனரேட்டர் இருக்கிறதே என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன். அதற்குள் பெண்ணின் அப்பா தலை நிறைய ஷாம்பு நுரையோடு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"மேடம், தண்ணி நின்னுபோச்சு. மேல அத்தனை பேரும் இப்படித்தான் நிக்கிறாங்க. பொண்ணு இன்னும் குளிக்கலை."

விடியற்காலையிலிருந்து எல்லாரும் குளித்ததில் டேங்க் காலி. மோட்டார் ஓடினால்தான் தண்ணீர். பின்பக்கம் ஓடினேன். ஜெனரேட்டர் டிக் டிக் என்றது, அதோடு சரி.

"செல்ஃப் எடுக்கல மேடம்" என்றார் ஏகாம்பரம். திருப்போரூரில் பேட்டரிக் கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும்.

மணி சரியாக ஆறு. கையில் ஃபோன் டிங் என்றது. இன்று முப்பத்தொரு வேலைகள். ஆக அடியில்: ஜெனரேட்டர் பேட்டரி மாற்றவும். ஆப் பாவம், நான் சொன்ன நாளில் ஒழுங்காகச் சொல்லிவிட்டது.

அப்போது முதலாளி வந்தார். பட்டு வேட்டி, பளபளவென்று கார். விஷயம் கேட்டதும் ஏகாம்பரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பேட்டரி போவுதுன்னு உனுக்குத் தெரியாதா? இத்தினி வருஷமா இங்க இன்னா புடுங்கிக்கினு கீற? இன்னியோட சரி. நாளைலேர்ந்து வராத."

ஏகாம்பரம் வாயைத் திறக்கவில்லை. என் பக்கம் பார்க்கவும் இல்லை. அவருக்கு இரண்டு பெண்கள், செங்கல்பட்டில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு நிமிஷம் பேசாமல்தான் நின்றேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பிறகு ஃபோனை நீட்டினேன்.

"அவர் சொல்லிப் பன்னிரண்டு நாளாச்சு முதலாளி. நாலாம் நம்பர் போட்டது நான். இன்னைக்குத் தேதி போட்டதும் நான்."

கண்ணாடி போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார். முடிந்த வேலைகளும் கோடு போட்டுத் தெரியும்படி வைத்திருந்தேன்.

"மேல சிவப்பா கீறது இன்னா, என் காரா?"

"ஆமாங்க. அது நேத்தே முடிஞ்சுது. பாலிஷும் போட்டாச்சு."

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். ஏகாம்பரம்தான் மெதுவாக, வழக்கம்போல ஃபியூஸ் மாற்றுகிற குரலில் சொன்னார்: "மொதலாளி, காரை இப்டி ஜென்செட்டாண்ட வுட்டீங்கன்னா, உங்க பேட்டரிலேர்ந்து கேபிள் போட்டு எடுத்துறலாம்."

முதலாளி காரைப் பார்த்தார். ஜெனரேட்டர் கொட்டகைப் பக்கம் கிடந்த சேற்றைப் பார்த்தார். முந்தின நாள் அதே காரைக் கழுவிய தண்ணீர்தான் அங்கே தேங்கிக் கிடந்தது. சாவியை ஏகாம்பரத்திடம் கொடுத்தார்.

இரண்டாவது முயற்சியில் ஜெனரேட்டர் எடுத்தது. எடுத்த வேகத்தில் ஒரு கறுப்புப் புகையைக் கக்கி, பாலிஷ் போட்ட கார்மேல் முழுக்கப் படிய வைத்தது. மேலே பாத்ரூமில் தண்ணீர் வந்துவிட்டது என்பதை மாடியிலிருந்து கேட்ட கைதட்டலில் தெரிந்துகொண்டோம். ஏழரை முகூர்த்தத்தில் தாலி ஏறியது. பெண்ணின் அப்பா காதோரம் மட்டும் கொஞ்சம் நுரை மிச்சம் இருந்தது.

பந்தியில் முதலாளி ஏகாம்பரத்தின் இலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மன்னிப்பெல்லாம் அவர் பரம்பரையில் கிடையாது.

"சாப்ட்டு, திருப்போரூர் போயி புச்சு பேட்டரி வாங்கினு வா" என்றார். இரண்டடி போய்த் திரும்பி, "நாளைக்கும் வா" என்றார்.

4. யார் போட்ட நம்பர்

மண்டபத்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். "இது நடக்காவிட்டால் எது நிற்கும்?" என்று கேளுங்கள். கல்யாணம் நிற்கும் என்றால் ஒன்று. ஒருத்தர் முகம் மட்டும் கோணும் என்றால் நாலு போடலாம், முகம் தானாகவே நேராகிவிடும். ஒரு நாளைக்கு மூன்று சிவப்புக்கு மேல் வேண்டாம். கடை எப்போது திறக்கும், ஆள் எப்போது வருவான், முதல் தடவை சரியாக வராவிட்டால் இன்னொரு தடவைக்கு நாள் இருக்கிறதா என்று பார்த்துத் தேதி போடுங்கள். முகூர்த்த நாளில் தாலி கட்டுவதைத் தவிர வேறு வேலை எதுவும் பாக்கி இருக்கக் கூடாது.

அடுத்த வாரம் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு, மாதாமாதம் பேட்டரி செக் பண்ணும் வேலையை எழுதி, நம்பரை நீங்களே போடுங்கள் என்று ஃபோனைக் கொடுத்தேன். விரல் பழக்கதோஷத்தில் நாலுக்கு மேலே போய் நின்றது. என்னைப் பார்த்தார். ஒன்றை அழுத்தினார்.

"மொதலாளி பாத்தா இன்னா சொல்லுவாரு மேடம்?"

பட்டியலைக் கடைசி வரைக்கும் தள்ளிக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் அடியில் நிறமில்லாமல் கிடந்தது கார் வாட்டர் வாஷ். நம்பர் நாலு. நான் போடவில்லை, முதலாளி ஃபோனிலிருந்து வந்திருந்தது.